பிள்ளைகள் கையால் ஒரு கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் பலகாரத்தில் பிள்ளைகளின் பங்கு கல்கல் உருட்டுவதோடு முடிந்துவிடுகிறது. எண்ணெய்ச் சட்டி காய்ந்ததும் “தள்ளிப் போ” என்று விரட்டிவிடுகிறோம். அதனால்தான் அச்சுமுறுக்குக்குப் பக்கத்தில் சாக்லேட்டில் தோய்த்த பிஸ்கட்டுக்கும் இடம் கொடுங்கள் என்கிறேன். அதற்கு ஓவன் வேண்டாம். கடையில் வாங்கிய மாரி பிஸ்கட் போதும். 1874இல் ரஷ்ய இளவரசி ஒருவரின் திருமணத்தையொட்டி லண்டனில் பிறந்த பிஸ்கட் அது. பண்டிகைக் கோலம் அதற்குப் பொருந்தும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, பெரியவர்கள் சாக்லேட்டை உருக்கித் தரட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது திரிதிரியாகக் கட்டிவிடும் என்பதால் கிண்ணமும் கரண்டியும் துளி ஈரமின்றி இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிள்ளைகளின் ராஜ்ஜியம். பாதி பிஸ்கட்டைத் தோய்த்து, பட்டர் பேப்பரில் அடுக்கி, சாக்லேட் இறுகுமுன் முந்திரித் துண்டு, டூட்டி ஃப்ரூட்டி, வண்ணச் சர்க்கரை மணிகள் என்று மனம்போலத் தூவலாம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெப்பத்துக்கு 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் நன்றாக இறுகும். கோணலாகத் தோய்ந்ததை ஒதுக்காதீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு போகும்போது “இது நான் செஞ்சது” என்று ஒரு குழந்தை சொல்ல வேண்டும். பகிர்ந்து கொடுப்பதன் சந்தோஷத்தை அதைவிட நன்றாக எந்த அறிவுரையும் கற்றுத்தராது.