ஊர் உறங்கும் நேரம்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாய்க் கிடந்த மண் அரியலூர். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி 1979இல் அரசு சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கிற்று. தனியார் ஆலைகளும் தொடர்ந்தன. பெரம்பலூர்ப் பக்கமோ கல்லுடைக்கும் கிரஷர்களின் இரைச்சல். இவற்றால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சுரங்க வெடியில் சுவர் அதிர்வதையும், நள்ளிரவு லாரிகளின் உறுமலில் தொட்டிற் குழந்தை திடுக்கிட்டு விழிப்பதையும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் நூலை மூடிவைப்பதையும் எக்கணக்கில் எழுதுவது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என வரம்பு கட்டியுள்ளன. நன்று. ஆனால் அது சராசரி அளவு. நொடியில் வெடித்தடங்கும் ஓசை சராசரியில் கரைந்துவிடும். அதிர்ந்த நெஞ்சிற் கரைவதில்லை. ஆலையின் இரைச்சல் குறித்து முறையிடுவதற்கோ, அது வரம்பினை 10 டெசிபலேனும் மீறியிருத்தல் வேண்டுமாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி அளவுக்கருவிக்கு எங்கே போவார்?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அக்கருவியை ஆலை வாயிலில் அன்று, அம்மூதாட்டியின் திண்ணையில், இரவில் வைத்து அளக்க வேண்டுமென்றே நாம் கேட்கிறோம். வெடிக்கும் நேரத்தை முன்னரே ஊருக்கு அறிவிக்கட்டும். இரவு லாரிகள் தெருவை விட்டு விலகிச் செல்லட்டும்.