அடைபட்ட சன்னல்கள்

இந்த வாரம் மனம் நிறைந்திருக்கிறது. பிரான்சின் தென்மேற்கே, பெரிகோர் பகுதியிலுள்ள சார்லா என்ற சின்ன ஊரின் சந்துகளில் அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருக்கிறேன். எங்கும் மஞ்சள் பூத்த சுண்ணாம்புக் கல். பல வீடுகளுக்குக் கூரைகூடக் கல்தான். தட்டையான கற்பலகைகளைச் செங்குத்தான சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அத்தனை பாரத்தையும் உள்ளிருக்கும் மரச்சட்டம் தாங்குகிறது. ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது, 1962-இல், பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. அதனால் முதலில் உயிர்பிழைத்த ஊர்களில் சார்லாவும் ஒன்று.

பேராலயத்துக்கு அருகே, 1520-களில் கட்டிய லா போயெசி வீடு. ஒரு கொடுங்கோலனுக்கு மக்கள் ஏன் தாமாகவே அடிபணிகிறார்கள் என்று கேட்டு எழுதிய எத்தியென் த லா போயெசியின் குடும்ப வீடு அது. சன்னல்களின் நடுவே சிலுவையாகக் கல்சட்டம். இருபுறமும் செதுக்கிய அரைத்தூண்கள். வெளிச்சம் உள்ளே வரும் வழிக்கே இவ்வளவு அலங்காரம்!

அந்த வீட்டைப் பற்றியே எழுதுவதாக இருந்தேன். ஆனால் ஒரு பின்சந்தில், கல் வைத்து அடைத்த சன்னலைப் பார்த்ததும் நினைப்பு விக்தோர் ஹ்யூகோவிடம் போய்விட்டது. அவரை நான் விடுவதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

1798-இல் பிரான்சில் கதவுக்கும் சன்னலுக்கும் வரி போட்டார்கள். தெருவில் நின்றே எண்ணிவிடலாம், அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. நிறையச் சன்னல் வைத்திருக்கும் பணக்காரன் நிறையக் கட்டுவான் என்பது கணக்கு. நடந்தது வேறு. இல்லாதவர்கள் இருந்த சன்னலை அடைத்தார்கள். புது வீட்டைச் சன்னல் குறைத்துக் கட்டினார்கள். (பழைய ஊர்களில் காணும் எல்லா அடைப்பும் வரியால் வந்ததல்ல. அறையை மாற்றியபோது மூடியதும் உண்டு.)

ஹ்யூகோ எழுதி, சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த நாவலில், மிரியேல் ஆயர் இந்த வரியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். கதைநாயகன் ஜான் வால்ஜானுக்கு அவர் கொடுத்த வெள்ளி விளக்குத் தண்டுகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரசங்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுகிறோம். வாசலைத் தவிர வேறு திறப்பே இல்லாத குடிசைகள் 3,46,000 என்று கோயிலில் நின்று எண்ணிச் சொல்கிறார் ஆயர். அவற்றுக்குள் கிழவிகளும் குழந்தைகளும் அடைந்து கிடப்பதையும், அதனால் வரும் காய்ச்சலையும் சொல்கிறார். இரக்கத்தைப் பேச வந்தவர் வரிக்கணக்கை எடுத்து வைக்கிறார். அந்தப் பெரிய நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். இரக்கம் இப்படித்தான் பேச வேண்டும்.

நாவல் வெளிவந்தது 1862-இல். ஹ்யூகோ 1885-இல் இறந்தார். வரியை எடுத்தது 1926-இல்.