தரை டிக்கெட்காரரிடம் கேட்காத கேள்விகள்

எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பரில். ஏழை மக்கள் அவர் மீது வைத்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூல் வெளியிட்டார், ஆங்கிலத்தில். அது ‘பிம்பச் சிறை’யாகத் தமிழுக்கு வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. பாண்டியன் அப்போது எங்கோ இருந்தவர் இல்லை. சென்னை அடையாற்றில் பணியாற்றியவர், எங்கள் கூட்டங்களுக்கு வந்து பேசியவர். அந்த ஆண்டுகளில் பாரிஸில் எழுதப்பட்ட கோட்பாட்டு நூல்களை அடித்துப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தோம். தமிழனின் மனத்தைத் தமிழன் எழுதிய நூலை மொழிபெயர்க்க எங்களுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

எங்கள் என்று சொல்வது சிறுபத்திரிகைகளில் எழுதியவர்களை, தமிழ்த் துறைகளில் பாடம் நடத்தியவர்களை, பண்பாட்டு ஆய்வு என்ற பெயரில் கருத்தரங்கு நடத்தியவர்களை. வெகுசன சினிமா விஷயத்தில் இந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரு பாக்கி இருக்கிறது.

முதலில் செய்தது அலட்சியம். ஃபிலிம் சொசைட்டியில் சத்யஜித் ராயையும் டி சிகாவையும் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கு, எதிர்த் தெருவில் டிக்கெட்டுக்கு முண்டியடித்த கூட்டம் வெட்கப்பட வேண்டிய ஒன்றாகத் தெரிந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். நல்ல சினிமா வேண்டும் என்ற தாகம் உண்மையானது. இரண்டாவதாகச் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ நூல் வந்தது. தொண்ணூறுகளில் ‘நிறப்பிரிகை’ இதழ் வந்தது. கிராம்சி, அல்தூசர், பார்த் போன்ற மேலைக் கோட்பாட்டாளர்கள் எல்லோரும் தமிழில் பேசத் தொடங்கினார்கள். பண்பாடு மேன்மக்களின் சொத்து இல்லை, அன்றாட வாழ்வு முழுவதும் பண்பாடுதான் என்ற ரேமண்ட் வில்லியம்ஸின் வாதத்தைப் படித்தோம். அனுப்பப்பட்ட செய்தியைப் பார்வையாளர் அப்படியே விழுங்குவதில்லை, ஏற்கலாம், பேரம் பேசலாம், மறுக்கலாம் என்று ஸ்டூவர்ட் ஹால் காட்டியதையும் படித்தோம். படித்த பிறகு எழுத உட்கார்ந்தபோது படத்தின் கதையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். இங்கே சாதி, இங்கே ஆணாதிக்கம், இங்கே தேசிய வெறி என்று கோடிட்டுத் தீர்ப்பு எழுதினோம். தீர்ப்புகள் பெரும்பாலும் சரியானவை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த மனிதரை ஒரு தடவைகூட விசாரிக்காமல் எழுதப்பட்டவை.

1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘மதுரை வீரன்’ போதும் இதைச் சொல்ல. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீரன் அவன். செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்த பிள்ளை, அரசகுமாரியைக் காதலித்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்துத் தெய்வமானவன். படத்தில் அவன் பிறப்பால் அரசகுமாரன். காட்டில் விடப்பட்ட குழந்தையை என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் நடித்த செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். சாதி மீறலின் கூர்மையை இந்தப் பிறப்புக் கதை மழுக்கிவிடுகிறது என்று எழுதினோம். உண்மைதான். ஆனால் மதுரை வீரனைக் குலசாமியாகக் கும்பிடும் ஓர் அருந்ததியர் குடும்பம் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது எதை நம்பியது? அரசகுமாரன் என்ற முதல் காட்சியையா, செருப்புத் தைக்கும் வீட்டில் வளர்ந்து வாள் பிடித்த மீதிப் படத்தையா? தன் சாமியை எம்.ஜி.ஆர். முகத்தில் கண்டபோது அந்த வீட்டுப் பெரியவருக்கு என்ன தோன்றியது? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. பஸ் ஏறிப் போயிருந்தால் போதும்.

அமெரிக்காவிலிருந்து ஆய்வாளர் சாரா டிக்கி எண்பதுகளில் மதுரைக்கு வந்தார். ஏழைக் குடியிருப்புகளில் பழகி, அவர்களோடு படம் பார்த்து, ரசிகர் மன்றத்துக்காரர்களோடு பேசி 1993இல் நூல் வெளியிட்டார். மதுரையில் அப்போது பல்கலைக்கழகம் இருந்தது, நல்ல கல்லூரிகள் இருந்தன, எங்களில் பலர் அங்கேயே வேலை பார்த்தோம்.

தமிழ் சினிமாவைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம் என்பதும் எங்கள் கட்டுரைகளில் இடம்பெறவில்லை. கோயில் கொடையில், கல்யாண வீட்டில், குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ கதை வசனம் இரவு முழுக்க ஓடியது. ‘பராசக்தி’ நீதிமன்ற வசனத்தைப் படம் பார்க்காத பையன்கள் மேடையில் முழங்கினார்கள். இலங்கை வானொலி ராமநாதபுரத்து வீடுகளின் காலைப் பொழுதையே வகுத்துக் கொடுத்தது. கோட்பாட்டு நூல்கள் திரையையும் பார்வையையும் பற்றிப் பேசியதால் நாங்களும் அதையே பேசினோம். காதால் வாழ்ந்த ஒரு சினிமாவுக்கு எங்களிடம் கோட்பாடு இல்லை, உண்டாக்கவும் முயலவில்லை.

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். டி.பி. ராஜலட்சுமி 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ நாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார். இரண்டு படங்களும் இன்று இல்லை. இழப்பு அவர் படங்களோடு நிற்கவில்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பிப் பிழைத்தது, மற்றவை அழிந்தன. வெள்ளி எடுப்பதற்காகப் பழைய படச்சுருள்களை உருக்கிய நாட்டில், அதைத் தடுக்கக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும். தொலைந்த பல படங்களின் கதையை அறிய இன்று பாட்டுப் புத்தகம்தான் கதி. அதையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம்.

சிலர் வேலை செய்தார்கள். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே தமிழ்ப் படங்களின் வரலாற்றை எழுதினார். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கத் தகவல்களையும் படங்களையும் சேர்த்தார். யாழ்ப்பாணத்துக் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்தார். பின்னர் ‘நிழல்’, ‘காட்சிப்பிழை’ போன்ற இதழ்கள் வந்தன. இவர்களை மேற்கோள் காட்டினோமே தவிர, இவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஆட்களை எங்கள் வகுப்பறைகளிலிருந்து அனுப்பவில்லை. எங்கள் மாணவர்கள் திரைப்பாடல்களில் உவமையும் உருவகமும் எண்ணிப் பட்டம் வாங்கினார்கள். அந்தத் தலைப்புகளைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இப்போது ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கோட்பாட்டைப் படியுங்கள், விட்டுவிடாதீர்கள். படித்துவிட்டு டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் ஓட்டியவரைத் தேடிப் போங்கள். டிக்கெட் கிழித்தவரை, பேனர் வரைந்தவரை, முறுக்கு விற்றவரை, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த உங்கள் அப்பத்தாவைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகம் கிடந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ‘மதுரை வீரன்’ வந்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று வயது எண்பதை ஒட்டிவிட்டது.