வாத்தியார் பையில் கைவைக்கலாமா?

காரைக்குடிக் கடைவீதிக்கு ஜூன் மாதம் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். நோட்டு, பென்சில் விற்கும் கடைகளில் கூட்டம் நெரியும். பிள்ளைகள் நிற்பார்கள். பெற்றோர் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே டீச்சர்மார் சிலரும் நிற்பார்கள்.

அவர்கள் தங்கள் பிள்ளைக்கு வாங்க வரவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு வாங்க வந்திருக்கிறார்கள்.

சார்ட் அட்டை பத்து. ஸ்கெட்ச் பேனா இரண்டு பெட்டி. பசை ஒரு புட்டி. கத்தரிக்கோல். கலர் சாக்பீஸ். சுவரில் ஒட்ட எழுத்துப் படம் ஒன்று. கடைக்காரர் கணக்கைக் கூட்டிச் சொல்கிறார். டீச்சர் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

அது யார் பணம்?

அரசாங்கப் பணமா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பணமா? அதுவும் இல்லை. அவர் வீட்டுப் பணம். பாலுக்கும் மளிகைக்கும் எடுத்து வைத்த பணம்.

காரைக்குடியில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாக்கோட்டை, கல்லல், புதுவயல், தேவகோட்டை, எங்கே போனாலும் இதே கதைதான். வாத்தியார் வேலை என்றால் கைக்காசும் கொஞ்சம் போகும் என்று எல்லாரும் பழகிப்போய்விட்டார்கள். கொடுக்கிறவரும் பழகிவிட்டார். வாங்கிக்கொள்கிற நாமும் பழகிவிட்டோம்.

பழகிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடுமா? ஆகாது என்பது என் கட்சி.

பிள்ளைக்கு வருகிறது

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பிள்ளைக்குக் கிடைப்பது கொஞ்சம் அல்ல. பாடப் புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில், கணக்குப் பெட்டி எல்லாம் இலவசம். மதியம் சாப்பாடு. தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலைச் சாப்பாடும் வந்தது. ஏழை வீட்டுத் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் இவை பிள்ளையின் கைக்கு வருபவை. வாத்தியார் நிற்கும் இடத்துக்கு என்ன வருகிறது? அங்கேதான் இடிக்கிறது.

இரண்டரை ரூபாய்

1986-ல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அடுத்த ஆண்டே கரும்பலகைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அறையாவது வேண்டும், இரண்டு வாத்தியாராவது வேண்டும், பாடம் நடத்தச் சாமான்கள் வேண்டும் என்பது திட்டம். சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டு கழித்து நாட்டுக்குக் கரும்பலகை நினைவு வந்தது!

2001-ல் சர்வ சிக்ஷா அபியான் வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம் என்று நம் ஊரில் அழைத்தார்கள். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பாடம் நடத்தத் தேவையான சாமான் செய்துகொள்ள, ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய்.

கணக்குப் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகள் ஆண்டுக்கு 200 நாள் நடக்க வேண்டும். 500 ரூபாயை 200 நாளுக்குப் பங்கு போட்டால் நாளுக்கு இரண்டரை ரூபாய். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டரை ரூபாய்! ஒரு டீ குடிக்க முடியுமா?

போகட்டும். சிறு தொகை என்றாலும் அது வாத்தியார் பெயரில் வந்தது. அவர் விருப்பப்படி வாங்கலாம்.

2018-ல் திட்டம் மாறிற்று. சமக்ர சிக்ஷா என்று பெயரும் மாறிற்று. பள்ளிக்கு மொத்தமாக ஒரு மானியம். தலைக் கணக்குப்படி தொகை. பின்னால் திருத்திய கணக்கில், முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். நூறு பிள்ளைகள் வரை 25,000.

பத்தாயிரம் பெரிய தொகை மாதிரி தெரிகிறது அல்லவா? அதில் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குப் போக வேண்டும். மிச்சத்தில் குழாய் ரிப்பேர், பல்பு, பூட்டு, பதிவேடு. பெரிய மழை வந்து ஒரு கதவு உளுத்துவிட்டால் ஆசாரி கூலி. கடைசியில் நிற்பது சாக்பீசும் சார்ட்டும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் கதிதான்.

அந்தப் பணமும் ஜூன் மாதத்திலேயே வந்துவிடுவதில்லை. பிள்ளைகள் ஜூனில் வந்துவிடுகிறார்கள். 2024-25-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டை. இரண்டு அரசுகள் சண்டை போட்டால் போடட்டும். கல்லல் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்ட யாராவது அன்றைக்கும் சாக்பீஸ் வாங்கித்தானே ஆக வேண்டும்?

நாற்பது ரூபாய்க்குத் தீர்மானமா?

பள்ளியில் பணம் இருந்தாலும் கைக்காசு போகிறது. அது ஏன்?

பள்ளிப் பணத்தை எடுக்க வழிமுறை உண்டு. பில் வேண்டும். மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் திருடு போகாமல் இருக்க இவை தேவைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் பசை தீர்ந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. விலை நாற்பது ரூபாய். ஊர்ப் பெட்டிக்கடையில் பில் கிடையாது. குழுத் தலைவி நாற்று நடப் போயிருக்கிறார். நாற்பது ரூபாய்க்கு அவரை வயலிலிருந்து கூப்பிடுவதா? டீச்சர் பையைத் திறக்கிறார். கதை முடிந்தது.

இப்படி நாற்பது நாற்பதாகப் போவதுதான் கணக்கில் தெரியாமல் போகிறது.

2007-ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. இரண்டும் நல்ல முறை. பிள்ளை தொட்டுப் பார்த்து, அடுக்கிப் பார்த்துப் படிக்கிறது. அரசாங்கம் அட்டைகளை அச்சடித்து அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை கையில் அட்டை எத்தனை நாள் தாங்கும்? கிழியும். மணி தொலையும். புளியங்கொட்டையைக் காசில்லாமல் பொறுக்கலாம். சார்ட்டுக்கும் கலருக்கும் ஜெராக்சுக்கும் காசு வேண்டும்.

வருகைப் பதிவு இப்போது செல்போனில் போடுகிறார்கள். அது பெரும்பாலும் வாத்தியாருடைய சொந்தப் போன். ரீசார்ஜும் அவருடையது. கலைத் திருவிழா வந்தால் பிள்ளைக்கு வேஷ வாடகை. போட்டிக்கு அழைத்துப் போனால் பஸ் செலவு, வழியில் டிபன். ஒரு பிள்ளை ஜெயித்து வந்தால் மிட்டாய். அந்த மிட்டாய்ச் செலவை மட்டும் நான் கேள்வி கேட்கமாட்டேன். அது பிரியத்தில் கொடுப்பது. மற்றதெல்லாம் ஆபீஸ் செலவு.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர் காகிதமும் மையும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும் என்று யாராவது சொல்கிறோமா?

சம்பளம் வாங்கவில்லையா?

டீக்கடையில் ஒரு கேள்வி கேட்பார்கள். "மாதம் பிறந்தால் சுளையாகச் சம்பளம் வாங்குகிறாரே. ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கினால் குறைந்தா போவார்?"

கேட்க நன்றாக இருக்கிறது. இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. கூலி வேலைக்குப் போகிறவர் கண்ணுக்கு அது பெரிய சம்பளம்தான். நிரந்தர வேலையில் இருப்பவர் சாக்பீசுக்குச் செலவழித்துப் பட்டினி கிடக்கமாட்டார். உண்மை.

ஆனால் எல்லாரும் நிரந்தரமா? 2022-ல் தற்காலிகமாக எடுத்த இடைநிலை ஆசிரியர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக அவர் கையில் என்ன மிஞ்சும்? அவர் வகுப்பிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சார்ட் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரே பள்ளியில் இரண்டு வகுப்பு. ஒரு டீச்சருக்கு வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் தாராளமாக வாங்கிப் போடுகிறார். சுவரெல்லாம் படம். பக்கத்து வகுப்பு டீச்சர் மாமியார் வைத்தியத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார். அவர் வகுப்பில் வெறும் சுவர். பார்வையிட வருகிற அதிகாரி எதைப் பாராட்டுவார்? "அந்த டீச்சருக்கு ஆர்வம் அதிகம்" என்பார். இந்த டீச்சருக்கு ஆர்வம் இல்லையா? காசு இல்லை! ஒருவர் மனமுவந்து கொடுத்தது, இரண்டு வருஷத்தில் மற்றவர் மேல் கட்டாயமாக விழுந்துவிடுகிறது.

பிள்ளைகள் பக்கம் பார்த்தால் இன்னும் மோசம். எந்த வகுப்பில் உட்கார்ந்தோம் என்பதைப் பொறுத்துப் படிப்பு மாறுகிறது.

2017-ல் ஒரு செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் நகையை விற்று வகுப்புக்கு நாற்காலியும் புதுமாதிரிப் பலகையும் வாங்கிப் போட்டார். நாடே புகழ்ந்தது. நானும் கை கூப்புகிறேன். ஆனால் அந்தச் செய்தியை மற்ற டீச்சர்மாருக்கு முன்மாதிரியாகக் காட்டினார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் கழுத்து நகையைக் கழற்ற வேண்டி வந்தது எதனால் என்று கேட்டவர் எத்தனை பேர்?

அமெரிக்காவிலும் உண்டு

பணக்கார தேசத்தில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பீர்கள். இருக்கிறது. அமெரிக்க அரசாங்கமே கணக்கெடுத்தது. 2014-15-ம் ஆண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 100-க்கு 94 பேர் கைக்காசு செலவழித்திருக்கிறார்கள். செலவழித்தவர்கள் போட்ட தொகை சராசரி 479 டாலர்.

2002-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஆசிரியர் இப்படிச் செலவழித்ததில் 250 டாலர் வரை வருமானத்தில் கழித்துவிட்டு வரி கட்டலாம். 2022-ல் அதை 300 ஆக்கினார்கள். நம் வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்று தனிக் கழிவு கிடையாது.

அமெரிக்கர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது வரிக் கழிவு அல்ல. எண்ணிப் பார்த்தார்களே, அதுதான். எண்ணினால்தானே நோய் எவ்வளவு என்று தெரியும்?

எழுதாத கணக்கு

கணக்கு எழுதுவதில் செட்டிநாட்டுக்கு யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்தவர்கள் இங்குள்ளவர்கள். பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, சல்லிக்காசு விடாமல் ஊருக்கு அனுப்பியவர்கள். லாபத்தில் தருமத்துக்கு மகமை என்று தனியாக ஒதுக்கியவர்கள். கோவிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. கொடுத்த தருமத்துக்கும் ஏட்டில் வரி உண்டு.

வாத்தியார் கொடுக்கும் காசுக்கு மட்டும் எந்த ஏட்டிலும் வரி இல்லை.

இதனால் வரும் கேட்டைக் கவனியுங்கள். வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கிறார்கள். மானியம் 10,000. செலவு 10,000. பள்ளி நடந்துவிட்டது. 'சரி, இந்தப் பள்ளிக்குப் பத்தாயிரம் போதும்' என்று மேலே நினைக்கிறார்கள். பத்தாயிரத்தில் நடக்கவில்லை. பத்தாயிரமும் மூன்று டீச்சர்மார் பையும் சேர்ந்து நடந்தது. அந்தப் பை கணக்கில் இல்லை. அதனால் பற்றாக்குறையும் கணக்கில் இல்லை. வாத்தியார் தம் நல்ல மனத்தாலேயே பள்ளியின் குறையை மூடி மறைத்துவிடுகிறார்!

உபயம்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்த வழக்கு இல்லை. எழுத மணல் இருந்தது. பனை ஓலை இருந்தது. வாத்தியாருக்கு நெல்லும் எண்ணெயும் வீடுகளிலிருந்து வந்தன. நவராத்திரியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். பணம் சேரும். ஏழைப் பிள்ளைக்கும் எளிய சாதிப் பிள்ளைக்கும் அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். ஆனால் பள்ளிச் செலவு ஊரின் செலவு என்று அன்றைக்குத் தெரிந்திருந்தது.

காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில். பிறகு ஊர் ஊராக நடந்தது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். ஊரார் ஆளுக்கு ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். பெஞ்சு ஒருவர், கடிகாரம் ஒருவர், படம் ஒருவர், தண்ணீர்ப் பானை ஒருவர்.

நம் சீமையில் கொடைக்குப் பஞ்சமா? 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்.

கட்டடத்துக்குக் கொடுக்கிறவர் இன்றைக்கும் இருக்கிறார். கட்டடத்தில் கல் பதிக்கலாம். டியூப் லைட்டுக்கும் கொடுப்பார்கள். 'உபயம்' என்று பெயரை எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைக்கலாம். சாக்பீசில் பேர் எழுத முடியாது. எழுதினாலும் மத்தியானத்துக்குள் அழிந்துவிடும். அதனால்தான் சாக்பீசுக்கு உபயகாரர் வரவில்லையோ என்னவோ!

ஒரு நோட்டுப் போடுங்கள்

பெரிய யோசனை ஒன்றும் என்னிடம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தலைமை ஆசிரியர் மேஜை மேல் இருக்கட்டும். எந்த டீச்சர் கைக்காசு போட்டாலும் தேதி, சாமான், தொகை மூன்றையும் எழுதட்டும். பெயர் வேண்டாம். பெயர் எழுதினால் போட்டி வரும். கொடுக்காதவருக்கு வெட்கம் வரும்.

மாதம் ஒரு தடவை மேலாண்மைக் குழுவில் அதைப் படிக்கட்டும். தாய்மார்கள் கேட்கட்டும். ஆகஸ்டு 15-ல் கிராம சபை கூடும்போது மொத்தத்தைச் சொல்லட்டும். "இந்தப் பள்ளியில் ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் வாத்தியார்கள் கைக்காசு இவ்வளவு" என்று சபையில் ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஊர் சும்மா இருக்காது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் சிறு முன்பணம் ஜூன் மாதமே கொடுக்கட்டும். தீர்மானம் வேண்டாம். செலவழித்த பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். லட்சக்கணக்கில் சம்பளப் பட்டியல் போடும் அரசாங்கம் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வாத்தியாரை நம்பக்கூடாதா? நம் பிள்ளையை அவரிடம்தானே நாள் முழுவதும் ஒப்படைத்திருக்கிறோம்?

வெளியூரில் இருக்கிற செட்டிநாட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற ஏற்பாடு வந்தது. படித்த பள்ளிக்கு எங்கிருந்தும் பணம் அனுப்பலாம் என்பது அதன் நோக்கம். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கட்டடம், கம்ப்யூட்டர் என்றே நினைக்கிறார்கள். வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி, படித்த பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு மொய் எழுதலாமே. அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'இது சாக்பீசுக்கும் சார்ட்டுக்கும். கட்டடத்துக்கு அல்ல. கல் வேண்டாம்.'