வடக்கே பார்க்க என்ன இருக்கு?

போன மாசம் மலேசியா கிள்ளான்ல இருந்து நண்பர் ஒருத்தர் வந்திருந்தார். எழுத்து மூலமா பழக்கம், நேர்ல பார்க்கிறது இதுதான் முதல் தடவை. என்னை விட பத்து வயசு மூத்தவர். மூணு நாள்தான் இருப்பேன், சென்னையை சுத்திக் காட்டுங்க தம்பின்னார்.

நம்மகிட்டதான் லிஸ்ட் ரெடியா இருக்கே! மெரினா, சாந்தோம், கபாலீஸ்வரர் கோயில், எழும்பூர் மியூசியம், ஜார்ஜ் கோட்டை. மறுநாள் ஈசிஆர் பிடிச்சு மாமல்லபுரம். இது நான் யோசிச்சுப் போட்ட லிஸ்ட் இல்ல. எவனோ எப்பவோ ஹார்ட்கோட் பண்ணி வச்சது. நம்ம எல்லாரும் அதைத்தான் காப்பி பேஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம். "சென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்"னு பதிவு போடாத ஆள் நம்மள்ல யாராவது இருக்கீங்களா? நானும் போட்டிருக்கேன். தேடாதீங்க, நேத்துதான் தூக்கினேன் :-)

மாமல்லபுரத்துல இருந்து திரும்பும்போது கேட்டார், "உங்க சொந்த ஊர் எது தம்பி?" கும்மிடிப்பூண்டின்னேன். "அங்க என்ன விசேஷம்?" ஒரு செகண்ட் கூட யோசிக்கல நான். "சிப்காட்தான் அண்ணே. கம்பெனிங்க. பார்க்க ஒண்ணுமில்ல."

இந்த பதிவு அந்த ஒரு வாக்கியத்து மேல எனக்கே வந்த கோபம்.

அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பாட்டுக்கு கூட்டிட்டு வரச் சொன்னதால வீட்டுக்குப் போனோம். குளிச்சிட்டு கட்டம் போட்ட கைலி கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா பார்த்துட்டு, "பாளையக்காட் கைலி மாதிரி இருக்கே"ன்னாங்க. மனுஷன் சாப்பிடறதை நிறுத்திட்டார். "எங்க ஊர்ல மலாய்க்காரங்க இதை கைன் பெலேகாட்னுதான் சொல்வாங்கம்மா. அந்த பெலேகாட் எங்க இருக்கு?" அப்பா சாவகாசமா கையை நீட்டி, "இதோ, பொன்னேரி தாண்டினா பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில புலிகாட்"ன்னார்.

கடல் தாண்டி ஒரு தேசத்துல ஒரு துணிக்கே பேரா நிக்கிற ஊர் எங்க வீட்டுல இருந்து ரெண்டு ஸ்டேஷன், அப்புறம் ஒரு பஸ். நான் பொறந்து வளர்ந்த இத்தனை வருஷத்துல அங்க ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். அதுவும் யாரோ கல்யாணத்துக்கு. ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் கூட வண்டலூரும் மாமல்லபுரமும்தான். கும்மிடிப்பூண்டியில ஏறி, பழவேற்காட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சென்னை முழுக்க தாண்டி அந்தப் பக்கம் போய் சிங்கத்தையும் சிற்பத்தையும் பார்த்துட்டு வந்தோம்.

மூணாம் நாள் தி.நகர் ஷாப்பிங் கேன்சல். காலையில ட்ரெயின்ல கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. இறங்கி பஸ்.

டச்சு கல்லறைத் தோட்டம் வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு கல்லுல செதுக்கி நிக்குது. உள்ளே 1600, 1700-கள்ல செத்துப்போன டச்சுக்காரங்க. ஓங்கின ஸ்தூபிகள், பெரிய பலகைக் கல்லுங்க, அதுல பொறிச்ச டச்சு எழுத்து இன்னும் விரலால தடவிப் படிக்கிற மாதிரி. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். நாங்க இருந்த ஒரு மணி நேரத்துல வந்தது ஒரு ஆடு.

இப்ப கொஞ்சம் வரலாறு. 1613-லயே பழவேற்காட்டுல டச்சுக்காரன் கெல்டிரியான்னு கோட்டை கட்டிட்டான். சோழமண்டலக் கரையில அவங்க வியாபாரத்துக்கெல்லாம் தலைநகரம் அதுதான், 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும். இங்கிலீஷ்காரனும் அங்கதான் முதல்ல மூக்கை நுழைச்சான். 1619-ல டச்சுக்காரனோட ஒப்பந்தம் போட்டு அங்க வந்து ஒட்டிக்கிட்டான். ஒத்து வரல, சீக்கிரமே கிளம்பிட்டான். அப்புறம் வடக்கே துர்காராயபட்டினத்துல கடை போட்டு, அதுவும் சரிப்படாம, 1639-ல தெற்கே ஒரு மணல் திட்டை வாங்கினான். அந்த மணல் திட்டுதான் மெட்ராஸ். அதாவது பழவேற்காட்டுல இடம் கிடைச்சிருந்தா ஜார்ஜ் கோட்டையே வந்திருக்குமான்னு தெரியாது. நாம என்னடான்னா ஜார்ஜ் கோட்டையோட லிஸ்ட்டை முடிச்சிட்டு யூ டர்ன் அடிக்கிறோம்.

கெல்டிரியா கோட்டை இருந்த இடத்துல இப்ப அகழி, மேடு, வேலிகாத்தான் முள்ளு. அவ்வளவுதான். ஆனா ஊர் அதோட முடியல. செம்புரைக்கல்லுல கட்டின ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கு. போர்த்துகீசியர் காலத்துல இருந்து வர்ற மகிமை மாதா கோயில் இருக்கு. பழைய பள்ளிவாசல்கள் இருக்கு. பனை ஓலையில கூடை பின்னுற பெண்கள் இருக்காங்க. சிலிக்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இருக்கு (பெரும்பகுதி ஆந்திராவுல). பனிக்காலத்துல பூநாரை வரும். ஏரியில எந்த நாள் யார் எந்த இடத்துல வலை விடணும்னு மீனவர்கள் தங்களுக்குள்ளயே முறை வச்சிருக்காங்க, 'பாடு'ன்னு பேரு. ரிசோர்ஸ் அலொகேஷன்னு எனக்கு ஒரு செமஸ்டர் நடத்தினாங்க, மண்டையில ஏறல. இங்க ஒரு பெரியவர் வலையை உதறிக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல புரிய வச்சுட்டார்.

"டச்சுக்காரன் என்ன யோக்கியனா, அவன் சமாதிக்கு ஏன்யா இவ்ளோ பில்டப்?"னு கேட்பீங்க. கேளுங்க. யோக்கியன் இல்லவே இல்ல. துணி மட்டும் அவன் ஏத்திக்கிட்டுப் போகல. பஞ்ச காலத்துல தன்னையும் பிள்ளைகளையும் வித்துக்கிட்ட நம்ம ஜனங்களை அடிமைகளா இந்தக் கரையில இருந்து பத்தாவியாவுக்கு ஏத்தினான். இதைச் சொன்னதும் நண்பர் ரொம்ப நேரம் பேசல. அவரோட பூட்டனும் இந்தக் கரையில இருந்து கப்பல் ஏறினவர்தான், ரப்பர் தோட்டத்துக்கு, ரொம்பப் பின்னாடி. பத்தாவியாவுக்குப் போனவங்களுக்கு ஒரு கல்லு கிடையாது, ஏத்தினவனுக்கு ஸ்தூபி இருக்கு. அது தெரியறதுக்காவது அங்க போய் நிக்கணும்ல? ஜார்ஜ் கோட்டை மட்டும் என்ன தர்ம சத்திரமா?

சரி, அசல் மேட்டருக்கு வர்றேன். "வடக்கே பார்க்க ஒண்ணுமில்ல"ங்கிறது டூரிஸ்ட் சமாச்சாரம் மட்டும் இல்ல சாமிகளா. வெள்ளைக்காரன் காலத்துல எண்ணூர் பிக்னிக் ஸ்பாட். இன்னிக்கு எண்ணூர்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அனல்மின் நிலைய சாம்பல், அது படிஞ்ச கொசஸ்தலை ஆறு. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய், பக்கெட்ல அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய், அதே மாசம் அமோனியா கசிவு. இதுல ஒண்ணாவது பெசன்ட் நகர் பீச்சுல நடந்திருந்தா நாம எத்தனை பதிவு போட்டிருப்போம்? மாமல்லபுரம் பக்கத்துல சாம்பல் கொட்டறேன்னு ஒருத்தன் சொல்லிட முடியுமா? முடியாது. ஏன்னா அது "பார்க்கிற இடம்". நம்ம எல்லார் ஆல்பத்துலயும் இருக்கு. எண்ணூரும் பழவேற்காடும் யார் ஆல்பத்துலயும் இல்ல.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல விரிவுபடுத்தற திட்டம் வந்தப்போ எதிர்த்து நின்னது யாரு? பழவேற்காட்டு மீனவர்களும் சில சூழல் அமைப்புகளும்தான். 2021-ல ஒரு கருத்துக்கேட்பு தள்ளிப்போச்சு, 2023-ல மறுபடி ஒண்ணு தள்ளிப்போச்சு. பழவேற்காட்டு ஏரிக்கு என்ன ஆகும்னு அவங்க கத்திக்கிட்டு இருந்தப்போ கும்மிடிப்பூண்டிக்காரன் நான் சிறுசேரியில ஏசி ரூம்ல உட்கார்ந்து வீக்கெண்டுக்கு பாண்டிச்சேரி ரிசார்ட் புக் பண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்கு வேலை தெற்கே, பொழுதுபோக்கு தெற்கே. வீடு மட்டும்தான் வடக்கே.

ஒரு நண்பர்கிட்ட இதைச் சொன்னா, "கூட்டம் வந்தா நாசமாப் போயிடும், விட்டுடுய்யா"ங்கிறார். பாதி நியாயம். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல போனாங்க, பிக்னிக் வந்த ஜனங்க. அதனால படகு கேட்டு யாரையும் நச்சரிக்காதீங்க. முகத்துவாரத்துல இறங்கி வீரம் காட்டாதீங்க. பிரியாணிப் பொட்டலத்தை ஏரியில வீசாதீங்க. ஆனா இந்த "நாசமாயிடும்"ங்கிற கவலை சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் ஏன் வர மாட்டேங்குது? நாலு பேர் போய் இறால் தொக்கு சாப்பிட்டா மட்டும்தான் ஏரி கெடுமா?

இன்னொண்ணு. அங்கேயும் ராக்கெட் விடற அன்னிக்கு மட்டும் கூட்டம் சேருது. எதிர்ல ஸ்ரீஹரிகோட்டா இல்லையா. எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துட்டு வண்டியைக் கிளப்பிடறாங்க. அன்னிக்கு கடலுக்குப் போகக் கூடாதுன்னு மீனவர்களுக்கு உத்தரவு வந்திருக்கும், அவன் வலை கரையில கிடக்கும். அதை யாரு பார்த்தா?

நண்பர் கிளம்பும்போது ஏர்போர்ட்ல சொன்னார், "தம்பி, மாமல்லபுரம் போட்டோவை விட அந்த எலும்புக்கூடு போட்டோதான் எங்க வீட்ல காட்டப் போறேன்." அம்மா அவருக்கு ஒரு கைலி எடுத்துக் கொடுத்தாங்க. கடைக்காரர் பாளையக்காட்னு சொல்லித்தான் கொடுத்தாராம். ஆனா லேபிளைப் பார்த்தா நெய்தது வேற ஊரு. பழவேற்காட்டுல இன்னும் தறி ஓடுதான்னு அப்பாகிட்ட கேட்டேன். "நீதான் போய் பார்த்துட்டு வந்தியே, நீ சொல்லு"ன்னார். அதைக் கேட்கணும்னு அங்க எனக்குத் தோணவே இல்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். வர்றவங்க காலையில எட்டு மணிக்கு பொன்னேரி ஸ்டேஷன் வாசலுக்கு வந்துடுங்க. தொப்பி, தண்ணி பாட்டில் அவசியம். வெயில் பொளக்குது.