மருந்து நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்



திருவக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்கிரகாளி அம்மனைப் பார்க்கக் கூட்டம் திரள்கிற ஊர் அது. அந்தக் கூட்டத்தை நம்பிப் பூ வியாபாரம் செய்கிறவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவை வீட்டில் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியவில்லை. மாதாமாதம் பணம் கட்டி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்.

எப்போது போனாலும் அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறாராம். கேட்டால், "வயசானவங்கன்னா அப்படித்தாம்மா" என்று பதில். ஒருநாள் புடவை மாற்றிவிடலாம் என்று புரட்டிப் படுக்கவைத்தபோது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேஜையில் அம்மா பெயர் எழுதிய டப்பாவைத் திறந்தால் உள்ளே சர்க்கரை மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. "இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு, உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் நான் என்ன செய்வேன்?" என்று கடிதம் முடிகிறது.

அம்மா இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறார். புண்ணுக்கு வைத்தியம் நடக்கிறது. அந்த இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போக்கிடம் இல்லாதவர்களின் பயத்தில்தான் பல இல்லங்களின் தவறுகள் வெளியே வராமல் புதைந்துபோகின்றன.

இதே விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டிப் பக்கம் குண்டலப்புலியூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்பு ஜோதி ஆசிரமம் என்ற பெயரில் இயங்கிய இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து 2023 பிப்ரவரியில் போலீசாரும் அதிகாரிகளும் உள்ளே நுழைந்தார்கள். 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பெண்களிடம் முறைகேடாக நடந்தார்கள் என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. இல்லத்தை நடத்தியவர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. குற்றச்சாட்டுகளில் எது உண்மை என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் முறையான உரிமம் இல்லாமலே ஒரு இல்லம் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது என்றால், அத்தனை ஆண்டுகளும் எந்த அலுவலகமும் அந்தக் கேட்டைத் தட்டவில்லை என்றுதானே அர்த்தம்?

அதற்கு 22 ஆண்டுகள் முன்பே ஏர்வாடி நமக்குப் பாடம் நடத்திவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

சங்கிலி கண்ணுக்குத் தெரியும். மாத்திரை தெரியாது. இரவில் ஒரே ஓர் ஆயா, பார்த்துக்கொள்ள வேண்டியவர்களோ ஏராளம் என்கிற இடத்தில், எல்லாரும் எட்டு மணிக்கே தூங்கிவிட்டால் வேலை சுலபம். டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை அப்படித்தான் உள்ளே வருகிறது. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை கடைக்காரர் டாக்டர் சீட்டு வாங்கிப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டிய மருந்துகள். முதியவர்களுக்கு இவற்றைக் கொடுத்தால் தள்ளாட்டம் வரும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். விழாதவர்கள் அசையாமல் கிடப்பார்கள், படுக்கைப்புண் வரும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நர்சிங் படிப்பின் ஆரம்பப் பாடம். உள்ளங்கை அகலப் புண், யாரும் திருப்பிப் போடவில்லை என்பதற்குச் சாட்சி.

திருவக்கரை அம்மாவின் டப்பாவில் இருந்த சர்க்கரை மாத்திரை இன்னும் பயங்கரம். அவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற சில, சர்க்கரையை மணிக்கணக்கில் இறக்கிக்கொண்டே இருக்கும். வியர்க்கும், குழறும், பிறகு மயக்கம். பக்கவாதம் வந்தவரிடம் இதைப் பார்க்கிற ஆயா, "பாட்டி தூங்குது" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடலாம். கவனிக்கப் பிந்தினால் மூளை பாதிக்கப்படலாம்.

இன்சுலினில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நம்மிடம் விற்கும் புட்டிகளில் பல மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மீத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. 1-0-1 சீட்டு பார்த்தே பழகியவர் அதைத் தினமும் கொடுத்துவிட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம்.

தவறு எங்கேயும் நடக்கும். பிரிட்டனில் 55 முதியோர் இல்லங்களில் 256 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு மருந்தில் ஏதோ ஒரு தவறு நடந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரசு ஆணையம் 2019-இல் தந்த இடைக்கால அறிக்கைக்கு 'புறக்கணிப்பு' என்றே பெயர் வைத்தது. வசதியான நாடுகளும் தவறுகின்றன. ஆனால் அங்கே தேடிப் பார்க்கிறார்கள், எண்ணுகிறார்கள், அச்சடித்து ஊருக்குச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஓர் இல்லத்தின் ஆய்வறிக்கையை யாரும் எடுத்துப் படிக்கலாம். நம் மாவட்டத்தில் இல்லங்களை யார், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்பதை மகளாலோ மகனாலோ தெரிந்துகொள்ள முடிவதில்லை.

சட்டத்தின் கனமும் போதாது. ஆதரவற்ற ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கைவிட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மூன்று மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அபராதம் 5,000 ரூபாய் ஆகியிருக்கிறது. சிறை அதே மூன்று மாதம். கவனக்குறைவால் உயிரே போய்விட்டால் ஐந்து ஆண்டுகள் வரை உண்டு. அதற்கும் நிரூபிக்கச் சீட்டும் நோட்டும் வேண்டுமே. அந்த நோட்டை எழுதுவதே இல்லையென்றால்? மாட்டிக்கொள்வது ஆயாதான். குறைந்த கூலிக்கு, பயிற்சி இல்லாமல், இரவு முழுக்கத் தனியாக நிறுத்தப்பட்ட பெண்மீது பழி போட்டுவிட்டு, அவரை அப்படி நிறுத்திய முதலாளி தப்பித்தால் அது நியாயமாகாது.

ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்? தரை சுத்தமாக இருக்கிறதா, சாப்பாடு எப்படி, நடத்துகிறவர் அன்பாகப் பேசுகிறாரா. பேச்சு இனிமையாக இருந்தால் போதும், நம்பிவிடுகிறோம். நான் சொல்வது இதுதான்: மருந்து நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அம்மா பெயரில் தனிப்பக்கம் இருக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் கையெழுத்து. சாப்பிட மறுத்திருந்தால் அதுவும். அந்தப் பக்கத்தை டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டில் இல்லாத மாத்திரை ஒன்று இருந்தாலும், எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; முடியும் தேதியைப் பாருங்கள். போகும் நாளை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

திருவக்கரை சகோதரிக்கும் அவர் நிலையில் உள்ளவர்களுக்கும்: முதலில் புண்ணையும் மருந்து டப்பாவையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனையின் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பத்திரம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் மாவட்டச் சமூக நல அலுவலருக்கு. பணம் கட்டிச் சேர்த்த இடம் என்பதால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் போகாதவரை மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. கூப்பிட்டுப் பேசுங்கள். அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. பதிவு பெற்ற முதியோர், மனநல, மாற்றுத்திறனாளி இல்லங்களின் பட்டியலை, கடைசியாக ஆய்வு நடந்த தேதியோடு, ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் ஒட்டி வையுங்கள். வானூரிலும் திண்டிவனத்திலும் விக்கிரவாண்டியிலும் இருக்கும் வாசகர்கள் இதைக் கேட்டு ஆளுக்கொரு மனு போடுங்கள். நகலை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கும், வருகிற பதில்களுக்கும் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்