தேய்ந்தது முளை, மாற்றியது ஷாக்

கோராபுட் களப்பணிக்கு எங்கள் ஆய்வுக்குழு பயன்படுத்திவரும் பழைய மகிந்திரா ஜீப்பைக் கைவிடலாம் என்று துறையில் பேச்சு நடக்கிறது. வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது தீர்மானமாகவும் ஆகிவிடலாம். சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றியாயிற்று, இன்னும் தடதடக்கிறது, ஆகவே வண்டியின் காலம் முடிந்துவிட்டது. முதற்பகுதி உண்மை. முடிவு தவறு. எட்டுப் புதிய ஷாக்குகள் வீணானதற்கு வண்டி பொறுப்பன்று. பார்க்க வேண்டிய இடத்தை நாம் பார்க்கவில்லை.

மொழியியல் படித்தவன் என்பதால் பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை உறிஞ்சுவதில்லை. பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் அடியை வாங்கிக்கொள்வது பட்டை ஸ்பிரிங். வாங்கிய பின் அது ஓயாமல் மேலும் கீழும் ஆடாதபடி அடக்குவதே ஷாக்கின் பணி. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் செல்ல, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு டேம்பர் என்ற சரியான பெயர் உண்டு. நாமோ ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்று ஆக்கி, பிழையையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவந்தோம். வட இந்தியப் பட்டறைகளில் அது ‘ஷாக்கர்’ எனச் சுருங்கி, அதிர்ச்சி தருவது என்ற பொருளை அடைந்துவிட்டது. (எங்கள் ஜீப்பின் பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் இதுவே பொருத்தம் என்பார்கள்.) பெயர் இப்படி இருப்பதால், வண்டி குலுங்கியதும் கை நேரே ஷாக்குக்குப் போகிறது. அது எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஜெய்ப்பூரில் ஒரு லேத்தும் வெல்டிங் இயந்திரமும் வைத்திருக்கும் பட்டறைக்காரர். ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் அன்று, கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூர். வண்டிக்கு அடியில் படுத்து ஷாக்கைக் கையால் பற்றி ஆட்டினார். அது ‘டக், டக்’ என்றது. “ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது, உட்கார அதற்கு இடம் இல்லை” என்றார் தெலுங்கில்.

இந்த வகை ஜீப்பில் ஷாக்கின் மேல்முனை சேசிஸில் உள்ள பிராக்கெட்டிலும், கீழ்முனை ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யு-போல்ட் தகட்டிலும் மாட்டப்படுகின்றன. இரண்டிடத்திலும் ஓர் எஃகு முளை. ஷாக்கின் கண்ணுக்குள் ரப்பர் புஷ் இருக்கும். அந்தப் புஷ் முளையின்மேல் அமரும். ரப்பர் காய்ந்து வெடித்தபின்பும் வண்டியை ஓட்டினால் இரும்பும் இரும்பும் அரைபடுகின்றன. முளை எல்லாப் பக்கமும் சமமாகத் தேயாது. ஒரு பக்கம் குழிந்து நீள்வட்டமாகும். அதன்பின் புதிய ஷாக்கை மாட்டினால், புதிய புஷ் மெலிந்த முளையில் தளர்ந்து தொங்கும். சக்கரத்தின் சிறு அசைவுகளை ஷாக் உணர்வதே இல்லை. இடைவெளி தீர்ந்த கணத்தில் சுத்தியல் அடிப்பதுபோல் பிராக்கெட்டை மோதுகிறது. புஷ் சில மாதங்களில் மீண்டும் நொறுங்குகிறது, பிராக்கெட்டின் ஓரத்தில் கீறல் விழுகிறது. இதைத்தான் நாம் இருமுறை பணம் கொடுத்துச் செய்துகொண்டோம்.

அவர் எனக்குக் காட்டிய சோதனையை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. புஷ் படாத அடிப்பகுதியில் முளை தேய்வதில்லை; அதன் பழைய அளவு அங்கே அப்படியே இருக்கிறது. அவ்விடத்தையும் நடுப்பகுதியையும் வெர்னியரால் அளந்தால் போதும். எங்கள் முன் இடது முளையில் வேறுபாடு ஏறத்தாழ 3 மி.மீ. மூலப்படி கிடைக்காத நூலில், சிதையாத ஓர் ஏட்டைக் கொண்டு பாடம் காண்பதைப் போன்ற வேலை இது. அதை ஆய்வு என்கிறோம், இதைக் கூலி என்கிறோம்.

பழுதுநீக்கம் ஒன்றரை நாள் நடந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றினார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள எரிபொருள் டாங்கை இறக்கி வெளியே வைத்தார். இதைச் செய்யாமல் வெல்டிங் தொடங்குபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய முளைகளை வெட்டி, லேத்தில் புதியவை கடைந்து, தகட்டின் துளையில் இறக்கிப் பின்புறமிருந்து பற்றவைத்தார். பிராக்கெட்டின் கீறல் முடியும் புள்ளியில் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, கீறலை V வடிவில் அரைத்து நிரப்பினார். மேல் முளையும் கீழ் முளையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தார். கோணினால் புஷ் முறுகிக் கிழியும். ரப்பரை ஏற்றச் சோப்புத் தண்ணீர் மட்டுமே பயன்படுத்தினார். கிரீஸ் தொட என்னை விடவில்லை.

மொத்தச் செலவு 2,600 ரூபாய். கணக்குப் பிரிவு அந்தச் சீட்டைத் திருப்பியனுப்பிவிட்டது. உதிரிபாக எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை என்பது குறிப்பு. ஒடிசாவில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பது சட்டம். முளைக்கு உதிரிபாக எண் எங்கிருந்து வரும், கடைந்தெடுத்ததற்கு? பயனற்ற எட்டு ஷாக்குகளின் பில்கள் மட்டும் ஒரு கேள்வியுமின்றி ஏற்கப்பட்டன. பொருள் வாங்கினால் செலவு, வேலை செய்தால் சந்தேகம்! 2022இல் நடுவணரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. அதைப்பற்றிக் கருத்தரங்கு நடத்த நம்மிடம் நிதி உண்டு.

பாதுகாப்பு குறித்த ஐயத்தை நான் ஒதுக்கவில்லை. சுத்தியலால் தட்டும்போது சேசிஸ் துருவாக உதிர்ந்தால் அந்த வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். அப்போது நானே கையெழுத்திடுவேன். இந்தச் சேசிஸ் தட்டிப் பார்க்கப்பட்டது, உறுதியாக இருக்கிறது. பழுதுநீக்கியபின் லம்தாபுட் வரை இருமுறை சென்று வந்தோம். ஒலிப்பதிவுக் கருவியை மடியில் ஏந்தாமல் இருக்கையில் வைத்துக் கொண்டுசென்றது அதுவே முதல்முறை.

வண்டியைத் தம் பெயரிலேயே வைத்து நமக்கு விட்டுச்சென்ற ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் அதைத் திருப்பினால், அது பழைய இரும்புக்குத்தான் போகும். பிறகு வாடகை வண்டிக்காரர்கள் வர மறுக்கும் ஊர்களின் கதபா பேசுவோரை நம் தரவிலிருந்து நீக்கிவிட்டு, ‘மாதிரி போதுமானது’ என்று எழுதுவோம். திங்கட்கிழமை அந்தத் தேய்ந்த முளையைக் கூட்ட மேசைமேல் வைக்கப்போகிறேன். வெர்னியரும் உடன் இருக்கும். அளந்து பார்த்துவிட்டு வாக்களியுங்கள். 2,600 ரூபாய்ச் சீட்டையும் அன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டறைக்காரருக்கு இன்னும் பணம் போய்ச் சேரவில்லை.